எவர்ட் மாமாவிடம் ஒரு விஷயம்

பேய் வீட்டு வரிசையின் நட்டநடுவில் எவர்ட் மாமாவின் ஸ்கூட்டர் நின்றுவிட்டது.

முன்னால் நாற்பது பேர், பின்னால் அறுபது பேர். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. மாமா பொத்தானை அழுத்திப் பார்த்தார். கைப்பிடியிலிருந்த சிவப்பு விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது.

"பேட்டரி போச்சு," என்றார், யாருடைய பேட்டரியையோ பற்றிச் சொல்வதுபோல.

"ராத்திரி சார்ஜ் போட்டீங்களா மாமா?" என்று கேட்டான் நைஜல்.

"போட்டேன்."

"சுவிட்சைப் போட்டீங்களா?"

மாமா சற்று யோசித்தார். "சார்ஜ் போட்டீங்களான்னுதானே கேட்ட?"

நைஜலுக்கு ஐம்பத்து நான்கு வயது. நகராட்சியில் வேலை. தப்பான இடத்தில் காரை நிறுத்தி அபராதம் வாங்கியவர்கள் எழுதும் கண்ணீர்க் கடிதங்களைப் படித்து, 'வருந்துகிறோம், ஆனால்' என்று ஆரம்பிக்கும் பதில்களை எழுதுவதுதான் அவன் உத்தியோகம். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறான். ஆனால் ஒரு மனுஷனின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடிக்காத ஒன்றை அவன் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

இன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்திருந்தான்.

எவர்ட் நட்டல் அவன் அம்மாவின் தம்பி. எண்பத்தொரு வயது. முப்பத்தெட்டு வருஷம் மாடி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. குளியலறை மாடியிலும் சமையலறை கீழேயும் இருக்கும் வீட்டில் தனியாக இருந்தார். போன கிறிஸ்துமஸ் அன்று நைஜலின் கண்ணெதிரேயே படியில் வழுக்கி, கடைசி நான்கு படிகளையும் உட்கார்ந்தபடியே இறங்கினார். அதற்குப் பிறகு நைஜல் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமாவின் கைபேசிக்குக் கூப்பிட்டு, மழை, முழங்கால், கால்பந்து என்று பத்து நிமிஷம் பேசிவிடுவான்.

நைஜலின் அக்கா பெவர்லி அப்படியெல்லாம் விட்டுவிடுகிறவள் அல்ல. நல்ல முதியோர் இல்லமாகத் தேடி, தோட்டம் பார்த்த அறை ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டாள்.

"இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் பிடிச்சு வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள மாமாகிட்ட சொல்லிடு," என்று காலையில்கூட போனில் சொல்லியிருந்தாள்.

"நீயே சொல்லேன்க்கா."

"நான் சொன்னா சண்டைல முடியும். நீ சொன்னா எதுலயும் முடியாது, அதுவரைக்கும் நல்லது. கூட்டமா இருக்கிற இடமாப் பார்த்துச் சொல்லு. நாலு பேர் நடுவுல அவர் கத்த மாட்டார்."

அப்படித்தான் கடலோரத்துக் கேளிக்கைப் பூங்கா முடிவானது. எண்பத்தொரு வயசுக்காரர் வருவாரா என்று நைஜலுக்குச் சந்தேகம். மாமா உடனே ஒத்துக்கொண்டார். "எனக்கும் உன்னைப் பார்க்கணும்டா. நீ கூட்டிட்டுப் போக வர வேண்டாம், நானே வந்துடறேன். ஊரையே ஏத்தி இறக்கினவனுக்கு ஒரு பார்க்குக்கு வரத் தெரியாதா?"

வந்தும்விட்டார். பத்து மணிக்கு நைஜல் வாசலில் பார்த்தபோது, சிவப்பு நிறத்தில், நாலு சக்கரமும் முன்னால் ஒரு கூடையுமாக, உட்கார்ந்தபடி ஓட்டும் ஸ்கூட்டர் ஒன்றில், மழைக்கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு வீற்றிருந்தார்.

"இது எப்ப வாங்கினீங்க மாமா?"

"வாங்கலை. கொடுத்தாங்க. முழங்காலுக்கு."

அரசாங்கம் கொடுத்திருக்கும் என்று நைஜல் நினைத்துக்கொண்டான்.

இப்போது வரிசை நின்றுவிட்டது. யாரும் கோபப்படவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டார்கள். அறுபது பெருமூச்சுகள் சேர்ந்தபோது நைஜலின் காது சிவந்தது. ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து தள்ளினான். அசையவில்லை.

"பிரேக் பிடிச்சிருக்கும். பின்னாடி ஒரு மஞ்சள் நெம்புகோல் இருக்கும் பாருங்க," என்றார் வரிசையில் நின்ற ஒருவர். "அதைத் தூக்கினா சக்கரம் லேசாயிடும். எங்க மாமியார் வெச்சிருக்காங்க."

அவர்கள் நின்றது சரிவுப் பாதை என்பதை அவரும் கவனிக்கவில்லை, நைஜலும் கவனிக்கவில்லை. நைஜல் நெம்புகோலைத் தூக்கினான். சக்கரம் லேசாயிற்று.

ஸ்கூட்டர் பின்பக்கமாகக் கிளம்பியது. நைஜல் கைப்பிடியைப் பிடிக்கப் போய் மாமாவின் தொப்பியைப் பிடித்தான். தொப்பி கையோடு வந்துவிட்டது. மாமா போய்க்கொண்டிருந்தார். அவர் பதறவில்லை. முப்பத்தெட்டு வருஷத்துக் குரல் தானாகவே வெளியே வந்தது.

"பிடிச்சுக்குங்க! எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்குங்க! வழியில நிக்காதீங்க!"

அறுபது பேரும் கம்பியோடு ஒட்டிக்கொண்டார்கள். மோதப்படப் போகிறவர்கள் மோத வருகிறவரிடம் "மன்னிக்கணும்", "மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கினார்கள். வரிசை முடிந்தது, சரிவு முடியவில்லை. அடிவாரத்தில் வாத்து பிடிக்கும் கடை இருந்தது. தொட்டித் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் வாத்துகளைக் கொக்கிக் கம்பால் தூக்கினால் பரிசு.

ஸ்கூட்டர் தொட்டியின் மேல் போய் நின்றது. தொட்டி சாய்ந்தது. முப்பது மஞ்சள் வாத்துகள் தண்ணீரோடு வெளியே வந்து, கடலிருக்கும் திசையைத் தெரிந்துகொண்டவை போல அந்தப் பக்கமாகக் கிளம்பின.

நைஜல் கால் மணி நேரம் வாத்து பொறுக்கினான். இருபத்தொன்பது கிடைத்தது.

"ஒண்ணு குறையுது," என்றான் மூச்சிரைக்க.

"இங்க இருக்கு." மாமா மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

கடைக்காரப் பெண் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தது. "அட, முதல் பரிசு!" என்று சொல்லி, நைஜல் எவ்வளவு மறுத்தும் கேட்காமல், ஐந்தடி உயரத்தில் ஊதா நிற ஒட்டகச்சிவிங்கி பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து அவன் தோளில் சாய்த்தாள். "விதின்னா விதிதான் சார். இல்லைன்னா முதலாளி என்னை வைவார். வண்டிக்குச் சார்ஜ் போடணும்னா டீக்கடை வெளிச்சுவர்ல பிளக் இருக்கு."

ஒரு கையால் ஸ்கூட்டரையும் மறு கையால் ஒட்டகச்சிவிங்கியையும் சமாளித்தபடி நைஜல் டீக்கடை வரை தள்ளினான். மாமா உட்கார்ந்தபடியே வழி சொல்லிக்கொண்டு வந்தார். கடையின் வெளிச்சுவரில், மழை படாத ஓட்டுச் சார்ப்புக்குக் கீழே, ஏற்கெனவே மூன்று சிவப்பு ஸ்கூட்டர்கள் சார்ஜில் நின்றன. நைஜல் நான்காவதாக இதைச் செருகினான். சுவிட்சைப் போட்டானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டான்.

உள்ளே நுழைந்ததும் மூலை மேஜையிலிருந்து ஏழெட்டு வெள்ளைத் தலைகள் திரும்பின. "எவர்ட்!" என்று ஒரு கிழவர் கையைத் தூக்கினார். ஒரு பாட்டி கண்ணடித்தாள்.

"உங்களை எல்லாருக்கும் தெரியுது மாமா."

"ம்," என்றார் மாமா.

முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினால் தெரியாமல் எப்படி என்று நைஜல் நினைத்துக்கொண்டான்.

இடம் வெளியில்தான் கிடைத்தது. மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் டீயும் வந்தன. மாமா வினிகரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டார். தூறல் நின்றிருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் அமைதியாக இருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நைஜலுக்குப் பட்டது.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

மாமா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கும் உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்டா."

"அப்படியா? நீங்க முதல்ல சொல்லுங்க."

"இல்ல, நீ சொல்லு."

"பரவாயில்ல மாமா, நீங்க பெரியவங்க."

"என்னுது ஒண்ணும் அவசரமில்ல. கொஞ்ச நாளாவே இருக்கிற விஷயம்தான். நீ சொல்லு."

"என்னுதும் அவசரமில்ல," என்றான் நைஜல், கடிகாரத்தைப் பார்த்தபடி. மணி ஒன்றரை.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டபடி மூன்று நிமிஷம் கழிந்தது. கடைசியில் நைஜல் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பேச்சுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று மீனை முள்கரண்டியில் குத்தி வாய்வரை கொண்டுபோனான். வெள்ளையாக ஏதோ அவன் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. கடற்பறவை. முள்கரண்டி மட்டும் மிஞ்சியது.

"பெருசு," என்றார் மாமா. மீனைச் சொன்னாரா பறவையைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து பெவர்லி கூப்பிட்டாள். நைஜல் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பேசினான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டே இருக்கேன்."

"என்ன சொன்னார்?"

"பெருசுன்னார்."

"அறை பெருசுதான். பாத்ரூமும் உள்ளேயே இருக்குன்னு சொல்லு."

அவன் திரும்பி வந்தபோது மாமா பேச வாயெடுத்தார். "நைஜல், நான் என்ன சொல்ல வந்தேன்னா, வீடு..."

"வீட்டைப் பத்தி அப்புறம் பேசலாம் மாமா," என்றான் நைஜல் அவசரமாக. மாமா வீட்டின் பெருமையை ஆரம்பித்துவிட்டால் தன்னால் சொல்லவே முடியாமல் போகும் என்று அவனுக்குப் பயம். "முதல்ல ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். சாவியைக் கொடுங்க, வண்டியைக் கொண்டு வரேன்."

சார்ப்புக்குக் கீழே நான்கு சிவப்பு ஸ்கூட்டர்கள் நின்றன. தான் கடைசியாக நிறுத்தியது ஓரத்து வண்டி என்பது நைஜலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எந்த ஓரம் என்பதில்தான் சிக்கல். இந்த மாதிரி வண்டிகளுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே சாவிதான் என்பதும் அவனுக்குத் தெரியாது. சாவி உள்ளே போயிற்று, பச்சை விளக்கு எரிந்தது, ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

குதிரை ராட்டினத்தைத் தாண்டியபோது மாமா சொன்னார். "இது என் வண்டி இல்ல."

"உங்க வண்டிதான் மாமா."

"சீட்டு குட்டையா இருக்குடா. முழங்கால் நெஞ்சுல இடிக்குது. கூடையில நூல்கண்டு வேற இருக்கு."

நைஜல் எட்டிப் பார்த்தான். நீல நூல்கண்டும், ஊசியோடு பாதி பின்னிய ஸ்வெட்டரும் இருந்தன.

"நீங்க பின்னுவீங்களா மாமா?"

"இல்லைங்கறேன்."

நைஜல் நின்றான். மாமாவின் தோளில் மெதுவாகக் கை வைத்தான். "மறந்திருப்பீங்க மாமா. அதுல ஒண்ணும் தப்பில்ல."

"எதை?"

"பின்னுறதை."

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு உடம்பு நல்லா இருக்கா?"

நைஜல் சற்றுப் பின்தங்கி, பெவர்லிக்குச் செய்தி அனுப்பினான். 'ஞாபகமறதி ஆரம்பம். சொந்த வண்டியையே தெரியலை.' பதில் உடனே வந்தது. 'பார்த்தியா? சீக்கிரம் சொல்லு.'

அப்போதுதான் பூங்காவின் ஒலிபெருக்கி பேசியது. "டீக்கடை வாசலிலிருந்து திருமதி வினி ஆல்தம் அவர்களின் சிவப்பு ஸ்கூட்டர் திருடு போயிருக்கிறது. கூடையில் நீல நிறப் பின்னல் வேலை இருக்கும். பார்த்தவர்கள் தயவுசெய்து காவலர்களிடம் தெரிவிக்கவும்."

மாமா நீல ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நைஜலைப் பார்த்தார். பிறகு அதைக் கூடையிலேயே திருப்பி வைத்தார்.

"பேசாம கொண்டுபோய் வெச்சுட்டு வந்துடறேன்," என்றான் நைஜல். "யாருக்கும் தெரியாது. நீங்க இந்த பெஞ்சுல உட்காருங்க, பத்தே நிமிஷம்."

"ஆபீஸ்ல போய் நடந்ததைச் சொல்லேன்."

நடந்ததை ஒருவரிடம் சொல்வதைவிட எதையும் செய்ய நைஜல் தயாராக இருந்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம்தான். ஆனால் தள்ள வேண்டுமானால் அந்த மஞ்சள் நெம்புகோலைத் தூக்க வேண்டும். அதை இனி இந்த ஜென்மத்தில் தொடுவதில்லை என்று அவன் காலையிலேயே முடிவு செய்திருந்தான். ஆகவே தானே ஏறி உட்கார்ந்தான்.

"உன் மிருகத்தையும் கொண்டு போ," என்று மாமா ஒட்டகச்சிவிங்கியைப் பின்னால் சொருகிவிட்டார். "அது என் கண்ணையே பார்த்துட்டு இருக்கு."

கைப்பிடியில் வேகத் திருகு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஆமைப் படம், மறு பக்கம் முயல் படம். நைஜல் முயலுக்குத் திருப்பினான். முயல் என்று அவர்கள் சொன்னது, வேலைக்குத் தாமதமாகாத ஒரு மனிதன் நடக்கிற வேகம்.

நூறு அடி போவதற்குள் பக்கத்தில் யாரோ நடந்து வருவது தெரிந்தது. பாதுகாவலர் சீருடையில் ஓர் ஆஜானுபாகு. சட்டையில் ஷெல்டன் என்று பெயர் இருந்தது.

"வணக்கம் சார். வண்டி உங்களுதா?"

"இல்ல."

"யாருதுன்னு தெரியுமா சார்?"

"திருமதி ஆல்தமோடது. அவங்களை எனக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்கத்தான் போறேன்."

"சந்தோஷம் சார். கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

நிறுத்த வேண்டுமானால் விரலை எடுத்தால் போதும். நைஜல் பதற்றத்தில் இன்னும் அழுத்திப் பிடித்தான். வண்டி போய்க்கொண்டிருந்தது. ஷெல்டன் பக்கத்திலேயே நடந்தார். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"சார், தப்பிச்சுப் போறீங்களா?"

"இல்லைங்க!"

"பின்னே ஏன் சார் நிக்க மாட்டேங்கறீங்க?"

துரத்தல் குதிரை ராட்டினத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றியது. ஜனங்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். "அம்மா, அவர் திருடனா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "ஷ்ஷ், அவருக்கு உடம்பு முடியலை, பார்த்தா தெரியலை?" என்றாள் அம்மா. கூடையிலிருந்து எப்போதோ விழுந்த நூல்கண்டு நாற்பது கஜத்துக்கு நீலக்கோடு போட்டபடி பின்னால் உருண்டு வந்துகொண்டிருந்தது. இரண்டாவது சுற்றில் அது பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. சக்கரம் நூலைச் சுற்றியது, நூல் ஸ்வெட்டரை உருவியது, வண்டி ஒரு முனகலோடு நின்றது.

"நன்றி சார்," என்றார் ஷெல்டன்.

பாதுகாப்பு அறையில் திருமதி வினி ஆல்தம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். டீக்கடையில் கண்ணடித்த அதே பாட்டி. இப்போது கண்ணடிக்கவில்லை. நைஜல் மீட்டுக் கொடுத்த ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தாள். ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது.

"பிப்ரவரியில ஆரம்பிச்சது," என்றாள். "ஏம்ப்பா, உன்னைப் பார்த்தா உத்தியோகத்துல இருக்கிற ஆள் மாதிரி இருக்கே. இது எதுக்கு உனக்கு?"

"தப்பு நடந்துபோச்சும்மா. எங்க மாமா வண்டியும் இதே மாதிரி. எவர்ட் நட்டல்னு..."

வினியின் முகம் மாறியது. "எவர்ட்டோட மருமகனா நீ? நைஜலா?"

"ஆமாம்மா. மாமாவைத் தெரியுமா?"

"எவர்ட்டைத் தெரியாம?" அவனையும், அவன் மேல் சாய்ந்திருந்த ஒட்டகச்சிவிங்கியையும் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு ஷெல்டனிடம் திரும்பினாள். "புகார் ஒண்ணும் வேண்டாம்ப்பா. விட்டுடு. இன்னைக்கு இவனுக்கு இதுவே போதும்."

நைஜல் நன்றி சொல்லிவிட்டு பெஞ்சுக்கு ஓடினான். பெஞ்சில் மாமா இல்லை. ஈரம் துடைபட்ட ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

ராட்டினத்தைச் சுற்றிப் பார்த்தான். கழிப்பறையில் பார்த்தான். பேய் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து ஒரு பேயிடம்கூட விசாரித்தான். மணி நான்கு. வந்த வழியே மறுபடி பாதுகாப்பு அறைக்கு ஓடினான். ஷெல்டன் ஒரு படிவத்தை எடுத்தார்.

"வயசு?"

"எண்பத்தொண்ணு."

"உடை?"

"பழுப்பு மழைக்கோட்டு. தொப்பி..." தொப்பி இன்னும் தன் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. "தொப்பி இல்ல."

"ஞாபகமறதி உண்டா சார்? ஆமா, இல்ல, எதுவாவது ஒண்ணு டிக் பண்ணணும்."

நைஜல் தயங்கினான். "இப்பதான் ஆரம்பம்."

ஷெல்டன் டிக் செய்தார். அடுத்த நிமிஷம் கடல்வரை கேட்கும்படி ஒலிபெருக்கி சொன்னது. "எவர்ட் நட்டல் என்ற, ஞாபகமறதி உள்ள, எண்பத்தொரு வயது முதியவரைக் காணவில்லை. பார்த்தவர்கள் அவரைப் பயமுறுத்தாமல், அன்பாகப் பேசி, பாதுகாப்பு அறைக்கு அழைத்து வரவும்."

பத்து நிமிஷத்தில் மாமா வந்தார். யாரும் அழைத்து வரவில்லை. முழுதாகச் சார்ஜ் ஏறிய தன் சொந்த ஸ்கூட்டரில், முயல் வேகத்தில், அறை வாசலில் வந்து நின்றார். வழியெல்லாம் பதினோரு பேர் அவரிடம் அன்பாகப் பேசியிருந்தார்கள். அதில் ஒருத்தி, உங்கள் பெயர் என்ன என்று இரண்டு தடவை மெதுவாகக் கேட்டிருந்தாள்.

"யாருக்குடா மறதி?"

"மாமா, நீங்க எங்க போயிட்டீங்கன்னு..."

"டீக்கடைக்கு. கைத்தடியைப் பிடிச்சுக்கிட்டு, நின்னு நின்னு. என் வண்டியை எடுக்க. சாவி வேற ஒருத்தர்கிட்ட வாங்கினேன், எல்லாத்துக்கும் ஒரே சாவிதான். இது என் வண்டி இல்லைன்னு உனக்குச் சொன்னது யாரு?"

"நீங்க."

"பின்றவன் நான் இல்லைன்னு சொன்னது யாரு?"

"நீங்கதான் மாமா."

"அப்ப அந்த டிக்கை யாருக்குப் போடணும்?"

ஷெல்டன் மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

பூங்கா வாசலுக்கு வந்தபோது மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மறுபடி தூறல். பெவர்லி நான்கு தடவை கூப்பிட்டிருந்தாள். நைஜல் ஒட்டகச்சிவிங்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாமாவின் எதிரே ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நாள் முழுக்க இவ்வளவு நடந்த பிறகு மானம் என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது.

"மாமா, சொல்லிடறேன். நானும் பெவர்லியும் உங்களுக்கு ஒரு முதியோர் இல்லம் பார்த்து வெச்சிருக்கோம். நல்ல இடம். தோட்டம் பார்த்த அறை. அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். இதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன். காலைலேர்ந்து வாய் வரலை."

மாமா அசையாமல் இருந்தார். தூறல் அவர் மொட்டைத் தலையில் விழுந்து கன்னத்தில் வழிந்தது. அது தூறல்தானா என்று நைஜலால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"இதைச் சொல்லவா நாள் பூரா இந்தப் பாடு பட்ட?"

"ஆமா மாமா."

"நைஜல்," என்றார் மாமா மெதுவாக. "நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டைப் பத்தி. மனசு கஷ்டப்படாத..."

அதோடு நைஜல் உடைந்துபோனான். முப்பத்தெட்டு வருஷம் ஊரைச் சுமந்த மனிதர், வீட்டை விட்டுப் போகச் சொன்னவனைப் பார்த்து 'கஷ்டப்படாத' என்கிறார்! மாமா மாமியோடு குடிபுகுந்த வீடு. மாமா அவனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த வாசல். நைஜல் எழுந்து நின்று கைபேசியை எடுத்தான்.

"பெவர்லி? நான்தான். அந்த அறை வேண்டாம்னு சொல்லிடு."

கைபேசியில் ஏதோ கத்தல் கேட்டது. நைஜல் அதைவிடப் பெரிதாகக் கத்தினான். வாழ்க்கையில் முதல் தடவை. "மாமா அவர் வீட்டுலதான் இருப்பார். அவர் கண் மூடற வரைக்கும் அங்கதான் இருப்பார். அவரை யாரும் எங்கயும் அனுப்ப முடியாது. நீயும் முடியாது, நானும் முடியாது. பேச்சு முடிஞ்சுது!"

வைத்துவிட்டான். வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் கை தட்டினார்கள்.

"நைஜல், ஒரு நிமிஷம்டா," என்றார் மாமா.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வரேன். இரண்டரை மணி நேரம் பெரிய தூரமா? மாடிப்படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டுத் தரேன். தோட்டத்துப் புல்லை நானே வெட்டறேன். கீழேயே ஒரு குளியலறை கட்டிடலாம், அதுக்கு நான் லீவு போட்டுக்கிட்டு வந்து நிக்கறேன்."

"டேய், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"கண் கலங்காதீங்க மாமா."

"கலங்கலைடா, மழை."

அந்த நேரத்தில் வெள்ளை வேன் ஒன்று வாசலோரமாக வந்து நின்றது. பக்கக் கதவு திறந்தது. உள்ளே டீக்கடையில் பார்த்த வெள்ளைத் தலைகள் வரிசையாக இருந்தன. முன்சீட்டில் வினி, ஒற்றைக்கை ஸ்வெட்டரை மடியில் வைத்தபடி இருந்தாள். பச்சைச் சீருடை போட்ட பருத்த பெண் ஒருத்தி, கையில் பெயர்ப் பட்டியலோடு இறங்கி, ஸ்கூட்டர் ஏறுவதற்கான பலகையைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். மாமாவைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நைஜலைப் பார்த்தாள். பட்டியலில் ஒரு கோடு போட்டாள்.

"ஏன் எவர்ட், மார்ச் மாசத்துலேர்ந்து எங்க இல்லத்துல இருக்கீங்க, இன்னைக்காவது மருமகன்கிட்ட சொல்லிடறேன்னுதானே காலைல வேன்ல ஏறினீங்க, இன்னுமா சொல்லலை?"